மெழுகுக் கோட்டில் வெள்ளிக்கிழமை வாசனை

1

எழுத உட்கார்ந்ததற்கே முதலில் மன்னிக்க வேண்டும். வத்தலக்குண்டில் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். மளிகைச் சீட்டும் கடிதமும் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்கவே யோசிப்பேன். கூடப் படித்த தோழி ஒருத்தி, நம் பள்ளி மலருக்கு "வெளிநாட்டு வாழ்க்கையைப் பத்தி ஏதாவது எழுதுடி" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். வேலை, வாடகை, விசா என்று எழுதலாம். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு எழுதத் தோன்றியது ஒரு கோட்டைப் பற்றித்தான். குதிரை ஏறுகிறவர்கள் மழைக்குப் போட்டுக்கொள்ளும் மெழுகுக் கோட்டு. நான் குதிரை ஏறியதே இல்லை. ஆனாலும் அப்படி ஒரு கோட்டு என்னிடம் இருக்கிறது. வாங்கி இந்த மே மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது.

இங்கே எல்லாரும் அதை ஜாக்கெட் என்றுதான் சொல்கிறார்கள். "குதிரைக்காக ஒரு ஜாக்கெட் வாங்கினேம்மா" என்று போனில் சொன்னபோது என் அம்மா, "அங்க யாரு தைச்சுக் குடுக்குறா?" என்று கேட்டாள். அதனால் உங்களுக்கும் கோட்டு என்றே சொல்கிறேன்.

2

ஆக்லாந்தில் பாபடோயிட்டோய் பக்கம் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு ஏர்போர்ட்டில் சரக்கு ஏற்றும் இடத்தில் வேலை. எனக்கு விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் கிச்சனில். தலையில் வலை, கையில் உறை, எதிரே ஓடும் பெல்ட். எட்டு மணி நேரமும் பேசாமல் செய்யலாம் என்பதால் எனக்குப் பிடித்த வேலை. பதினோரு வருடமாகிறது. எங்கள் மகள் இனியா இங்கே பிறந்தவள், ஒன்பது வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள்.

இனியாவின் வகுப்புத் தோழியின் பெரியம்மா ஜென்னி. கிளீவ்டன் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறார். அவருடைய பிள்ளைகள் வளர்ந்து உயரமாகிவிட்டதால், அவர்கள் ஏறிப் பழகிய குட்டைக் குதிரை சும்மா நின்றது. பெயர் பிஸ்கட், நிறமும் அதுவே. சனிக்கிழமை வந்து சாணம் அள்ளித் தண்ணீர் வைத்தால் இனியா அதில் ஏறிக்கொள்ளலாம் என்றார் ஜென்னி. அப்படித்தான் குதிரை எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது.

கல்யாணமான புதிதில் கொடைக்கானல் ஏரிக்கரையில் அவர் குதிரையில் ஒரு சுற்றுப் போனார். நான் அவர் செருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குதிரைக்கும் எனக்கும் அதுவரை இருந்த சம்பந்தம் அவ்வளவுதான். குட்டை என்று சொன்ன பிஸ்கட்டின் முதுகு என் நெஞ்சு உயரம் இருந்தது. முதல் நாள் அது கழுத்தை நீட்டி என் தோளில் மூச்சு விட்டது. இட்லிச் சட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தச் சூடு. அதன் கண்ணுக்குள் வானமும் வேலியும் நானும் சின்னதாகத் தெரிந்தோம். இவ்வளவு பெரிய உயிர், இரண்டு விரல் தடிமன் கயிற்றுக்கு ஏன் கட்டுப்பட்டு நிற்கிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மழை வந்தால்தான் சிக்கல். நான் குடையை விரித்ததும் பிஸ்கட் நான்கு காலும் தரையில் படாமல் துள்ளியது. குடை கூடாது என்றார் ஜென்னி. அடுத்த வாரம் பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டுப் போனேன். அதன் சரசரப்புக்கும் மிரண்டது. பிறகு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியில் ஆவி படியும், துடைப்பேன், மறுபடி படியும். என் மகள் அதற்குப் பின்னால் ஒரு புள்ளியாகச் சுற்றிக்கொண்டிருப்பாள். ஊரில் மழை வந்தால் உரச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவோம். மழைக்காக யாரும் யாரையும் தனியாக விட்டு உள்ளே உட்கார்ந்ததில்லை.

3

பழைய சாமான்களை வாங்காமல் தானமாகப் பெற்று விற்கும் கடைகள் இங்கே உண்டு. ஆப் ஷாப் என்பார்கள். பக்கத்து வீட்டு கமலா அக்காவோடு ஒரு நாள் போயிருந்தேன். அக்கா மலேசியாவில் ஈப்போக்காரர். அங்கேதான் அந்தக் கோட்டு தொங்கியது. கரும்பச்சை நிறம், முழங்கைகளில் ஒட்டு. தொட்டால் கையில் பிசுக்கு ஒட்டியது.

"என்னம்மா இது, எண்ணெய்ச் சட்டி துடைச்ச துணி மாதிரி இருக்கு. வேணாம் லா," என்றார் அக்கா.

ஜென்னி போடுவது இதே மாதிரிதான் என்பது எனக்குத் தெரிந்தது. முதுகுப் பக்கம் இடுப்பிலிருந்து கீழே பிளந்திருந்தது, சேணத்தில் உட்காரும்போது இரண்டு பக்கமும் விரிந்து தொடையை மூடுவதற்காக. உள்ளே காலில் கட்டிக்கொள்ள வார். பையில் கொஞ்சம் வைக்கோல் கட்டும் கயிறும் காகிதம் பிரிக்காத ஒரு பெப்பர்மிண்டும் இருந்தன. கழுத்தருகே பெயர் எழுதிய துணியை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். வாங்கிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. கோட்டைப் போட்டுக்கொண்டு வேலியோரம் நின்றேன். சேம்பு இலையில் உருளுமே, அப்படி உருண்டது தண்ணீர். கையை மடக்கினால் மடிப்பில் முத்து முத்தாக நின்று, நீட்டினால் ஓடிவிடும். ஒரு மணி நேரம் கழித்துக் கோட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். என் சுவெட்டர் சூடாகக் காய்ந்து கிடந்தது. பருத்தித் துணிதான், நாம் கட்டும் சேலை மாதிரி நூலால் நெய்ததுதான். அதில் மெழுகு ஏறியதும் ஒரு முழு வானத்து மழையைத் தடுத்து நிற்கிறது. நான் வாய் பிளந்து நின்றதைப் பார்த்து ஜென்னி சிரித்தார். பிஸ்கட் மிரளவே இல்லை. வேலிக்கு வந்து கோட்டின் மேல் முகத்தைத் தேய்த்தது.

"வீட்டுக்குப் போய் சோப்புத்தூளில் ஊறவைக்கப் போகிறேன்," என்றேன் ஜென்னியிடம். அவர் பதறி என் கையைப் பிடித்தார். சோப்பு, வெந்நீர், வாஷிங் மெஷின், ஹீட்டர் எதுவும் ஆகாதாம். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியால் சேற்றைத் துடைப்பதோடு சரி. மற்றத் துணிகளோடு மாட்டக்கூடாது, கார் சீட்டில் போடக்கூடாது. வருடம் ஒரு தடவை மெழுகு பூச வேண்டும். அவர் போட்டிருந்த கோட்டு அவருடைய அப்பாவினுடையது. முழங்கையில் ஒட்டின் மேல் ஒட்டு, அதன் மேல் இன்னொரு ஒட்டு. அந்த ஒட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, எந்தக் கம்பி வேலியில் கிழிந்தது, எந்த நாய் கடித்தது என்று சொன்னார். ஒட்டுப் போட்ட துணியை நான் வீட்டுக்குள்தான் உடுத்துவேன். இவர் அதை மார்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கெல்லாம் காட்டுகிறார். எனக்கு மலைப்பாக இருந்தது.

"டப்பாவில் மெழுகு கல்லாக இருக்கும், அதை என்ன செய்ய வேண்டும் என்றால்..." என்று ஜென்னி தொடங்கியதும், "வெந்நீர்ப் பாத்திரத்தில் வைக்க வேண்டும்," என்று நானே முடித்துவிட்டேன். எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டார். இங்கே ஜூலைதான் குளிர்காலம், தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடும். பதினோரு வருடமாக அதை வெந்நீரில் வைத்துத்தானே எடுக்கிறேன் என்றேன். இந்த ஊரில் ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை நான் முடித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு நாள் பக்கத்து நிலத்தில் காய்ந்த கிளைகளைக் கொளுத்தினார்கள். பிஸ்கட் வேலியின் கடைசி மூலைக்குப் போய் நடுங்கிக்கொண்டு நின்றது. முன்பு இருந்த இடத்தில் வைக்கோல் கொட்டகை எரிந்து, இது உள்ளே மாட்டிக்கொண்டு தப்பியதாம். "அவனுக்குப் புகை மட்டும் ஆகாது," என்றார் ஜென்னி. நானும் "பாவம்" என்று தலையை ஆட்டினேன்.

4

இந்த வருடம் மே மாதம் அந்தப் பக்கத்துக் குதிரைக் கிளப்பில் ரிப்பன் நாள் என்று அறிவித்தார்கள், போட்டியில் வருகிறவர்களுக்குப் பரிசாக ரிப்பன் கொடுக்கும் நாள். சின்னக் குழந்தைகளுக்கு அதில் ஒரு போட்டி. குழந்தை மேலே உட்கார்ந்திருக்கும். பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நடக்க வேண்டும், ஓட வேண்டும், நிற்க வேண்டும். பெரும்பாலும் அம்மாக்கள்தான்.

நான் சாணம் அள்ளிக்கொண்டிருந்தேன். மரப் பலகைக்கு அந்தப் பக்கம் இனியா ஜென்னியிடம் பேசுவது கேட்டது. எல்லாம் ஆங்கிலத்தில். "போட்டியில நீங்க கயிறு புடிச்சுக் கூட்டிட்டுப் போறீங்களா? யாராவது பார்த்தா அம்மா குறுகிச் சின்னதாயிடுவாங்க."

ஜென்னி, "அதை உன் அம்மாதான் சொல்லணும், கண்ணு," என்றார்.

நான் சத்தம் போடாமல் கூடையைக் கீழே வைத்தேன். அவள் பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடக் கூட்டத்தில் கடைசி நாற்காலி, கடையில் அவளே விலை கேட்பது, டாக்டரிடம் அவளே எனக்குப் பதில் சொல்வது. எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒன்பது வயதில் கயிற்றை இன்னொருவர் கையில் கொடுத்தால், இனி ஒவ்வொன்றையும் அப்படித்தான் கொடுப்பாள் என்று தோன்றியது.

வீட்டில் அவரிடம் சொன்னேன். "விடு செல்வி, அந்தம்மாவே புடிக்கட்டும். நீ போட்டோ புடி. குதிரை ஒதைச்சா யாரு லீவு போடுறது?" என்றார்.

"கொடைக்கானல்ல நான்தான் செருப்பப் புடிச்சேன். இந்தத் தடவ நீங்க புடிங்க," என்றேன்.

அடுத்த சனிக்கிழமை ஜென்னியிடம் போய்க் கயிற்றைக் கேட்டேன். ஒன்றும் கேட்காமல் கொடுத்தார். இனியா என்னையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓகே," என்றாள், அவ்வளவுதான். மூன்று வாரம் பழகினேன். பிஸ்கட் என் கோட்டின் தோளில் தாடையை வைத்தபடி கூடவே வரும்.

பிறகு படிவம். முதல் பெயர், குடும்பப் பெயர். நமக்கேது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி அப்பா பெயரைப் போட்டேன். இந்த நாட்டில் எல்லா ஆபீசுக்கும் நான் பெருமாள்தான். கூடவே, குழந்தைகளுக்குப் பக்கத்தில் இருக்கப் போகிறவள் என்று போலீஸ் சான்றுக்கு ஒரு படிவம். நான் இதற்கு முன் இருந்த முகவரிகளையெல்லாம் கேட்டிருந்தார்கள். "பஸ் ஸ்டாண்டு பின்புறம்" என்பதற்கு அதில் கட்டம் இல்லை. என் மகளின் பக்கத்தில் நான் நடக்கலாம் என்று கடைசியில் எனக்கு மின்னஞ்சல் வந்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

5

போட்டிக்கு முந்தைய வியாழன், மெழுகு பூசலாம் என்று அலமாரியிலிருந்து கோட்டை எடுத்தேன். ஆக்லாந்து வீடுகளின் ஈரம் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஈரத்தோடு மடித்து உள்ளே வைத்தது என் தப்பு. காலரின் அடியிலும் அக்குளிலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. வெளியே வைத்து பிரஷ்ஷால் தேய்த்தேன், குளிர்ந்த தண்ணீரில் துடைத்தேன், காயவிட்டேன். பிறகு கராஜில் மேசை போட்டு, மெழுகை உருக்கி, பழைய துணியில் தொட்டுத் தேய்த்தேன். தையல் வழியாகவும் மடிப்புக்குள்ளும் விரலால் அழுத்தினேன். வெளுத்துக் கிடந்த துணி தேய்க்கத் தேய்க்கக் கரும்பச்சையாகத் திரும்பி வந்தது. குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும்போது தோல் மினுமினுக்குமே, அப்படி. கை நிற்க மாட்டேன் என்றது.

அப்போது கமலா அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னும் இதை வச்சிருக்கியா? செத்தவங்க கோட்டா இருக்கும் லா. இல்லாட்டி ஏன் பேரை வெட்டிட்டுக் குடுக்கறாங்க?"

நான் அந்தப் பெப்பர்மிண்டை நினைத்துக்கொண்டேன். அது குதிரைக்கு வாங்கியதாகத்தான் இருக்கும். ஒரு வருடம் போட்டிருக்கிறேன், தோன்றாதது இப்போது தோன்றியது. இதோடு என் மகள் பக்கத்தில் நடக்க வேண்டுமே. மெழுகு பூசியும் பூஞ்சை வாடை முழுதாகப் போகவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாமிக்குச் சாம்பிராணி போடுகிற நாள். கூரையில் இருக்கும் புகை அலாரம் அலறும் என்பதால் எப்போதும் கராஜில்தான் போட்டு வீட்டுக்குள் வாசனை வர வைப்பேன். கோட்டு அங்கேயே தொங்கியது. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைக்குச் சாம்பிராணி காட்டுவதுதானே முறை. இனியா கைக்குழந்தையாக இருந்தபோது அவள் தலையை என் முன்னங்கையில் ஏந்தி எத்தனை தடவை காட்டியிருக்கிறேன். மெழுகு பற்றிக்கொள்ளாதபடி மூன்று கப் சாம்பிராணியை எட்டக் கீழே வைத்துக் கொளுத்தினேன். புகை கோட்டின் பிளவு வழியாக ஏறி, இரண்டு கைகள் வழியாகவும் வெளியே வந்தது. ஒரு நிமிடம் அதற்குள் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. கும்பிட்டுக்கொண்டேன். யாராக இருந்தாலும் நல்லபடியாகப் போங்கள், எங்களோடு நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டேன்.

பூஞ்சை வாடை சுத்தமாகப் போய்விட்டது. புது மெழுகு அத்தனை புகையையும் குடித்து வைத்துக்கொண்டது என்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், ஜென்னி சொன்னது எனக்கு நினைவுக்கே வரவில்லை. சாம்பிராணியை நான் ஒரு நாளும் புகை என்று நினைத்ததில்லை. அது வெள்ளிக்கிழமை, அவ்வளவுதான்.

6

சனிக்கிழமை காலை தலைக்குக் குளித்துவிட்டுக் கிளம்பினேன். தூறல். புல்வெளி நிறைய வண்டிகள், குதிரைகள், மெழுகுக் கோட்டுகள். என் கோட்டு அவற்றோடு சேர்ந்து நின்றதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு கையிலும் போனைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் தயாராக நின்றார்.

மைக்கில் கூப்பிட்டார்கள். "பிஸ்கட். ஏறுவது இனியா. நடத்துவது மிசஸ் பெருமாள்." என் அப்பா வத்தலக்குண்டு சந்தையில் வாழைத்தார் ஏலம் கூவியவர். அவர் குரல் பஸ் ஸ்டாண்டுவரை கேட்கும். அந்தக் குரலில் ஒரு துளியும் எனக்கு வரவில்லை. அவர் பெயர் மட்டும் இந்தப் புல்வெளியில் மைக்கில் ஒலித்தது. சிலிர்த்துவிட்டது.

ஜென்னி பிஸ்கட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். இனியா மேலே இருந்தாள். நான் கயிற்றை வாங்கினேன். பிஸ்கட் மூக்கை நீட்டியது, மூக்குத் துளைகள் விரிந்தன. சட்டென்று தலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. நான் ஓரடி முன்னால் வைத்தேன். அது இன்னும் மூன்றடி பின்னால் போனது. கயிறு என் உள்ளங்கையில் உரசி ஓடியது. இனியா குனிந்து பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு இவனுக்கு?" என்றார் ஜென்னி. ஒரு வருடமாக என் தோளில் தாடையை வைத்த குதிரை.

மற்ற அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடுவரும் பார்த்தார். என் முதுகு தானாகக் குனிவது எனக்கே தெரிந்தது. நான் சின்னதாகிக்கொண்டிருந்தேன்.

ஜென்னி மெதுவாகக் கையை நீட்டினார். "நான் பிடிக்கட்டுமா, செல்வி?"

நான் இனியாவைப் பார்த்தேன். அவள் கேட்டது இதைத்தானே. கயிற்றைக் கொடுக்கக் கையைத் தூக்கினேன்.

இனியா குதிரையின் கழுத்துக்கு மேலாக என் பக்கம் குனிந்தாள். மூக்கைச் சுருக்கி ஒரு தடவை மூச்சை இழுத்தாள்.

"அம்மா," என்றாள் தமிழில். "கோட்டுக்குச் சாம்பிராணி போட்டியா?"

"ஆமாம்மா. பூஞ்சை வாடை அடிச்சுச்சு."

"அவனுக்கு அது நெருப்பு. கழட்டும்மா."

அப்போதுதான் எனக்கு வைக்கோல் கொட்டகை நினைவுக்கு வந்தது. அவசரமாகப் பித்தான்களைக் கழற்றினேன். என் வீட்டுக்காரர் ஓடிவந்து கோட்டை வாங்கிக்கொண்டு காருக்கே போய்விட்டார்.

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் ஜென்னி. நீட்டிய கையை இன்னும் எடுக்கவில்லை.

"எங்க வீட்டு வெள்ளிக்கிழமைப் புகை," என்றாள் இனியா ஆங்கிலத்தில். "நீங்க வேணாம் ஜென்னி. அம்மாவே வருவாங்க."

பிறகு என்னிடம், "கையில புல்லைக் கசக்கு. அவன் மோந்து பாக்கட்டும். நீ அவனைப் பாக்காத," என்றாள். அவ்வளவு நீளமாக அவள் தமிழ் பேசி நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. ஈரப் புல்லைப் பிடுங்கிக் கசக்கி, கையை நீட்டி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தூறல் வலுத்தது. சுவெட்டர் நனைந்து கனத்தது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிஸ்கட் என் விரலை முகர்ந்தது, மணிக்கட்டை முகர்ந்தது, பிறகு நனைந்த தோளை. ஒரு நீண்ட மூச்சு விட்டது. அந்தச் சூடு கழுத்துவரை வந்தது.

நடந்தோம். அதன் தோளும் என் தோளும் ஒரே மழையில். மேலே உயரத்திலிருந்து இனியா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தாள். "இடது பக்கம்மா. இப்ப ஓடு. மெதுவா. நில்லு." மற்றவர்களுக்குப் புரியாமல் இருக்கத்தான் தமிழில் சொன்னாள் என்று நினைக்கிறேன். எதற்காக இருந்தால் என்ன. அந்தப் புல்வெளியில் அத்தனை பேர் இருந்தார்கள், குதிரையைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்கள். அந்த வாசனை என்னவென்று தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். ஏழு பேரில் ஆறாவதாக வந்தோம். இங்கே ஆறாவதுக்கும் ரிப்பன் உண்டு.

வெளியே வந்ததும் ஜென்னி தன் அப்பாவின் கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டார். "நான் நனைந்திருக்கிறேன், உள்பக்கம் ஈரமாகிவிடும்," என்றேன். "இது இதைவிட மோசமானதெல்லாம் பார்த்தாயிற்று," என்றார். கனமாக இருந்தது, அவர் உடம்புச் சூடு அதில் இருந்தது. இனியா ஒட்டுகளை எண்ணிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்குச் சளி பிடித்திருந்தது. கோட்டைக் கொல்லைக் கொடியில் காற்றாடத் தொங்கவிட்டேன். மதியம்வரை வாசனை போகவில்லை. பிறகு மழை வந்தது. மழையே கழுவட்டும் என்று எடுக்கவில்லை.